மடியில் ஒரு புத்தகம். அடுக்களையில் ஒரு துணை



ஒரு ஷஃபான் மாதத்தில், கடற்கரையூர் ஒன்றிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டின் இளம் தாய்க்கு நான்கு வயதில் ஒரு மகள். கணவர் வளைகுடா நாட்டில் பணியாற்றுகிறார். மஃரிபுத் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "வாப்பா கூப்பிடுறாங்க, ஓடி வாம்மா" என்று தாய் அழைத்தாள். குழந்தை வந்து கைப்பேசியின் திரையை ஒரு கணம் பார்த்தது.

"இன்னைக்கு என்னம்மா செஞ்சே?" என்று தந்தை கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்று கூறிவிட்டுக் குழந்தை உள்ளே ஓடிவிட்டது.

திரையில் அந்த மனிதரின் முகம் வாடிப் போனதை நானும் கண்டேன். பிறகு அந்தப் பெண் என்னருகில் வந்து அமர்ந்து, "தினமும் இப்படித்தான் லாத்தா. அவங்க மனசு ஒடிஞ்சு போகுது. பெத்த பிள்ளைக்கே நான் வேத்தாளாப் போயிட்டேனேன்னு சொல்றாங்க" என்று கண் கலங்கினாள்.

அன்று பகல் முழுவதும் நான் அவ்வீட்டில்தான் இருந்தேன். மழலையர் பள்ளியிலிருந்து நண்பகலில் திரும்பிய குழந்தை, இரண்டு முறை அடுக்களை வாசலில் வந்து நின்றது. முதன்முறை, "நானும் வெங்காயம் உரிக்கிறேன்" என்றது. "கண்ணு எரியும், போ" என்று விடை கிடைத்தது. அடுத்த முறை கையில் ஒரு புத்தகத்தோடு வந்தது. "உம்மாவுக்கு வேலை இருக்குல்ல?" என்று கூறி, அந்தத் தாய் அதன் கையில் கைப்பேசியைத் திணித்தாள். அஸர் தொழுகை வரை குழந்தையின் குரலே கேட்கவில்லை.

எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே! "ஒண்ணுமில்ல" என்று அக்குழந்தை கூறியது பொய்யன்று. அன்றைய பொழுதில் அது செய்தது உண்மையிலேயே ஒன்றுமில்லை. பேச்சு என்பது பாசத்தால் மட்டும் பிறப்பதன்று. பேசுவதற்கு ஒரு பொருளும் வேண்டும். அந்தப் பொருளைக் குழந்தைக்கு அளிப்பது யார்? அதனோடு வீட்டில் இருப்பவர்களாகிய நாம்தாமே!

அந்தத் தாயைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. மாமியாருக்கு வேளைக்கு மருந்து, வீடு நிறைந்த துணி, ஓயாத சமையல் என்று ஒரே ஆளாக உழலும் பெண் அவள். அவளுக்குக் கூடுதல் வேலை தருவது என் நோக்கமன்று. செய்துகொண்டிருக்கும் வேலைக்குள்ளேயே குழந்தைக்கும் ஓர் இடம் தர முடியும் என்பதையே இம்மாதம் கூற விழைகிறேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பணியாளராக வளர்ந்த அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு தம்பி இருந்தார். அச்சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்கு வருகை தரும்போது, அச்சிறுவரைப் பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். பொதுவாக நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடாமல், அச்சிறுவரின் உள்ளம் எதில் ஒன்றியிருந்ததோ அந்தக் குருவியைப் பற்றியே கேட்டார்கள். குழந்தையோடு பேச விரும்புபவர் குழந்தையின் உலகத்திற்குள் சென்று பேச வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

குழந்தையும் நாமும் சேர்ந்து பார்ப்பதற்கும் சேர்ந்து செய்வதற்கும் எல்லா வீடுகளிலும் எளிதில் அமையக் கூடியவை இரண்டு. ஒன்று படப் புத்தகம், மற்றொன்று அடுக்களை.

படிக்கத் தெரியாத தாயும் படித்துக் காட்டலாம்

"நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கெங்கே புத்தகம் படித்துக் காட்டத் தெரியும்?" என்று கேட்கும் தாய்மார் நம்மில் பலர். குர்ஆனை அழகுற ஓதும் நாவுடையவர்களே இவ்வாறு கூசுவதைக் காணும்போது வருத்தமே மேலிடுகிறது. நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்தை அறியாவிடினும், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்களைப் படித்தார்கள். பேரப் பிள்ளைகளுக்கும் பாடிக் காட்டினார்கள். மடியில் ஏட்டையும் அருகில் பிள்ளையையும் வைத்துக்கொள்வது நமக்குப் புதியதொரு நாகரிகமன்று.

படப் புத்தகத்திற்கு எழுத்தறிவுகூடக் கட்டாயமில்லை. பக்கத்தைத் திறந்து, "இது என்ன? இந்தப் பையன் ஏன் அழுகிறான்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் போதும். உண்மையில், வரி பிசகாமல் படித்து முடிப்பதைவிட இவ்வாறு கேட்பதே மிகுந்த பயன் தருகிறது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஒரு மாத காலம் தம் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டினர். ஒரு பிரிவினர் மட்டும் திறந்த கேள்விகள் கேட்டு, குழந்தை கூறிய விடையைச் சற்று விரித்துச் சொல்லுமாறு பயிற்றுவிக்கப்பட்டனர். மாத இறுதியில், அவர்களுடைய குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றக் குழந்தைகளைவிடப் பல மாதங்கள் முன்னேறியிருந்தனர்.

விரித்துச் சொல்வது கடினமன்று. குழந்தை "பூனை" என்றால், "ஆமாம், வெள்ளைப் பூனை, சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது" என்று நீங்கள் கூறுங்கள். அடுத்த முறை குழந்தையே "வெள்ளைப் பூனை" என்று சொல்லும். ஒரே புத்தகத்தை நாற்பது முறை கேட்டாலும் சலித்துக் கொள்ளாதீர்கள். அடுத்த பக்கத்தில் இன்னது வரும் என்று முன்னரே அறிந்திருப்பதில்தான் சின்னஞ்சிறாரின் மகிழ்ச்சி இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், அந்தப் பத்து நிமிடமும் குழந்தை உங்கள் உடலோடு ஒட்டி அமர்ந்திருக்கட்டும்.

ஆங்கிலப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு ஆங்கிலப் புத்தகமே ஏற்றது என்று எண்ணித் தயங்குவோரும் உண்டு. தாய்க்குத் தடையின்றி வரும் மொழியில் கேட்கும் கேள்வியே குழந்தையைப் பேச வைக்கும். தமிழில் அழகிய படப் புத்தகங்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள், 1996இல் சென்னையில் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகத்தின் நூல்கள், 2004இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸின் நூல்கள் ஆகியவற்றைப் புத்தகக் கண்காட்சிகளில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லையெனில், கடைக்காரர் தரும் நாட்காட்டிப் படமும் ஒரு பக்கமே!

உயிருள்ளவற்றின் உருவங்கள் அடங்கிய புத்தகங்களை வீட்டில் வைக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இளமையில் பொம்மைகளை வைத்து விளையாடியதும், அவற்றுள் இறக்கை கொண்ட குதிரையொன்றைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. இத்தகைய செய்திகளின் அடிப்படையில் சிறுவரின் விளையாட்டுப் பொருள்களுக்கு மார்க்க அறிஞருள் பெரும்பாலோர் விலக்களித்துள்ளனர். குழந்தைகளின் கல்விக்கான படங்களையும் அவ்வாறே கருதும் அறிஞர்கள் இன்று உண்டு. ஆயினும் உங்கள் உள்ளம் அமைதி கொள்ளவில்லையெனில், காய், கனி, மரம், கப்பல், பானை, சட்டி ஆகியவற்றின் படங்கள் கொண்ட புத்தகங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதைக் காரணமாக்கிக் குழந்தையைப் புத்தகமே இல்லாமல் வளர்த்துவிடாதீர்கள்.

பானை, சட்டி என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. கோமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் படங்களோடு கூடிய ஒரு பாட நூலை வெளியிட்டார். சிறுவருக்கென்றே உருவான முதல் படப் புத்தகங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. உலகிலுள்ள பொருள்களையெல்லாம் குழந்தைக்குக் காட்ட முனைந்த அந்நூலில், ரொட்டி சுடுதலுக்கும் சமையலுக்கும் விருந்துக்கும் தனித்தனிப் படங்கள் இடம்பெற்றன. அடுப்படியும் கல்விக்குரிய இடமே என்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தார் போலும்.

அடுக்களையில் ஒரு சிறு பாய்

இனி அடுக்களைக்கு வருவோம். "பிள்ளை வந்தால் வேலை இரட்டிப்பாகும்" என்பீர்கள். மறுக்கவில்லை. அரை மணி நேர வேலை முக்கால் மணி நேரமாகும், தரையில் நீர் சிந்தும், மாவு பறக்கும். ஆயினும் அந்தக் கூடுதல் கால் மணி நேரத்தில் குழந்தை பெறும் சொற்களை எண்ணிப் பாருங்கள். களைதல், அரித்தல், உரித்தல், ஆய்தல், பிசைதல், தாளித்தல் என்று அடுக்களையில் எத்தனை வினைகள் உள்ளன! "செய்" என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பிள்ளைக்கும், இத்தனையும் அறிந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னாளில் பள்ளி ஆசிரியர் உங்களுக்குச் சொல்வார்.

இரண்டு வயதுக் குழந்தை அரிசியைக் கையால் அளைந்து களையும், மல்லித்தழையைக் கிள்ளும். மூன்று வயதில் முருங்கைக் கீரையை உருவும். ஊறவைத்த பூண்டின் தோலை நீக்கும். நான்கு வயதில் ஆழாக்கால் அளந்து போடும். பிசைந்த மாவை உருட்டும். தேங்காய்ப் பாலைப் பிழியும்போது உங்களோடு சேர்ந்து கையால் அழுத்தும். ஐந்து வயதில் தஸ்தர்கான் விரித்து, எத்தனை பேர் என்று எண்ணித் தட்டு வைக்கும்.

காய்கறியை வெறுக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதில் ஒரு நற்செய்தி உண்டு. புதிய உணவொன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்குப் பத்து முறை, சில வேளைகளில் அதற்கு மேலும் அதனை எதிரில் வைக்க வேண்டியிருக்கும். தாம் தொட்டு ஆய்ந்த உணவைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாக முன்வருகின்றனர் என்பதும் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. திட்டியும் கெஞ்சியும் ஊட்டுவதைவிட, "இது நீ உருவிய கீரை" என்று சொல்வது எளிதன்றோ?

சில கட்டுப்பாடுகளை மட்டும் ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் செய்யும் வேலைகளே குழந்தைக்குரியவை. அடுப்பு எரியத் தொடங்கியதும் குழந்தையின் இடம் எட்டிய தொலைவில் விரித்த பாய்தான். அரிவாள்மனையும் கத்தியும் அதன் கைக்கு எட்டக் கூடாது. வேலைக்கு முன்னும், பச்சை முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றைத் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்யுங்கள். ஐந்து வயதிற்குட்பட்டோருக்கு முழு வேர்க்கடலை, முழு முந்திரி போன்றவற்றைத் தராதீர்கள். தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.

ஆண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். அகிலத்தின் அருட்கொடை செய்த வேலை நம் வீட்டு ஆண் பிள்ளைக்கு இழுக்காகுமா?

கஞ்சி சொல்லித் தரும் கணக்கு

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, நம் நோன்புக் கஞ்சியையே பரிந்துரைப்பேன். பச்சரிசி நொய் 1 ஆழாக்கு, பாசிப்பருப்பு கால் ஆழாக்கு, வெந்தயம் 1 தேக்கரண்டி. பூண்டுப் பல் 10, சின்ன வெங்காயம் 10, தக்காளி 2, ஒரு சிறு துண்டு இஞ்சி. ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி மல்லித்தழை. தேங்காய்ப் பால் 1 ஆழாக்கு, நீர் 8 ஆழாக்கு.

இதில் அளப்பது, எண்ணுவது, உரிப்பது, தழை ஆய்வது ஆகிய நான்கும் குழந்தையின் பங்கு. "பத்துப் பூண்டில் ஒன்று குறைகிறதே, எங்கே போயிற்று?" என்று கேட்டால் கழித்தல் கணக்கு அங்கேயே வந்துவிடுகிறது. வெந்தயம் கசக்கும், தேங்காய்ப் பால் இனிக்கும், புதினா மணக்கும். இவற்றைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதில்லை. நாவும் மூக்குமே கற்பித்துவிடும்.

அதன்பின் அடுப்பு வேலை உங்களுடையது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ரம்பை இலை தாளித்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி ஆகியவற்றை வதக்கி, தழைகளைச் சேருங்கள். நீர் கொதித்ததும் நொய், பருப்பு, வெந்தயம் ஆகியவற்றை இட்டு, குழையும்வரை வேகவிடுங்கள். உப்பும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். நன்கு ஆறிய பிறகே பிள்ளையின் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

உண்ணும்போது அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, உண்ணும் தட்டில் அவரது கை அங்குமிங்கும் அலைந்தது. அண்ணலார் அவரைக் கடிந்து விரட்டவில்லை. இறைவனின் பெயர் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு இதமாகக் கற்பித்தார்கள். பெரியவரும் சிறியவரும் ஒரே தட்டில் உண்டதனால் அல்லவா அந்தப் பாடம் அங்கே நிகழ்ந்தது!

வீட்டிலேயே ஒரு புத்தகம்

இவ்விரண்டையும் இணைக்க ஓர் எளிய வழி கூறுகிறேன். வெள்ளைத் தாள்கள் இரண்டை நடுவில் மடித்து, ஊசி நூலால் தைத்துவிடுங்கள். எட்டுப் பக்கப் புத்தகம் ஆயத்தம். சமையல் முடிந்த மாலையில், என்னென்ன செய்தோம் என்று குழந்தையைக் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். வட்டம் என்றால் வெங்காயம். புள்ளிகள் என்றால் வெந்தயம். திருத்தாதீர்கள். குழந்தை சொல்வதை அது சொன்னபடியே, மாற்றாமல், படத்தின் கீழே எழுதுங்கள். எழுதத் தயக்கமாயிருந்தால் வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

அன்றிரவு அந்தப் புத்தகத்தைக் குழந்தையே உங்களுக்குப் "படித்து"க் காட்டும். எழுத்தறியாத அந்தப் பிஞ்சு, தான் சொன்ன சொற்கள் தாளில் அழியாமல் நிற்பதை அன்று கண்டுகொள்ளும். எழுத்து எதற்காக என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பள்ளியும் கற்பிக்க இயலாது. "ஓதுவீராக" என்னும் கட்டளையோடு வேத வெளிப்பாடு தொடங்கிய சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு, எழுத்தின்மீது இந்த அன்பை ஊட்டுவது நம் கடமையன்றோ?

கைப்பேசியை முற்றிலும் ஒழித்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. வாப்பாவின் முகத்தைக் காட்டும் சாளரமும் அதுவே. ஆயினும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் திரையின் முன் உட்கார்ந்திருக்கவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியதை நினைவில் கொள்ளுங்கள்.

விடைபெறும்போது இவற்றையெல்லாம் அந்த இளம் தாயிடம் கூறிவிட்டு வந்தேன். ரமளானின் இரண்டாம் வாரத்தில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. முதல் நாள் மகள் அரைப்படி அரிசியைத் தரையில் கொட்டிவிட்டாளாம். தான் பொறுமையிழந்து அதட்டியும் விட்டாளாம். மூன்றாம் நாள்தான் இருவருக்கும் பழகிற்று என்றாள்.

நோன்பு திறந்த பின் வாப்பாவின் அழைப்பு வந்தபோது, குழந்தை தன் எட்டுப் பக்கப் புத்தகத்தைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டியிருக்கிறது. இம்முறை தந்தையும் "என்ன செஞ்சே?" என்று பொதுவாகக் கேட்கவில்லை.

"பூண்டு எத்தனைம்மா உரிச்சே?" என்று கேட்டிருக்கிறார்.

"பத்து வாப்பா. ஒண்ணு கீழே உருண்டு போயிருச்சு. நானும் உம்மாவும் தேடினோம். கெடைக்கவே இல்ல!"

அவ்வளவுதான். ஐந்து நிமிடப் பேச்சுக்கூட இருந்திராது. ஆனால், அழைப்பு முடிந்தபின் வெகுநேரம் கழித்துக் கணவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்ததாம். அந்தப் பூண்டு கிடைத்ததா என்று மறுநாள் மகளிடம் கேட்டு வைக்கும்படி அதில் கூறியிருந்தாராம்.

சகோதரிகளே! நாளைய தினம் உங்கள் அடுக்களை வாசலில் ஒரு சிறு உருவம் வந்து நிற்கும். கையில் ஒரு புத்தகம் இருக்கும். அல்லது "நானும் வாறேன்" என்னும் சொல் இருக்கும். அப்போது "போ" என்று கூறாமல், "வா" என்று கூறுங்கள். சில ஆண்டுகளில் அவ்வாசலில் வந்து நிற்க அதற்கு நேரமிராது. இன்று நாம் திறக்கும் கதவின் வழியாகத்தான் அன்று அது நம்மிடம் திரும்பி வரும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.